குடிபூரலை நிறுத்தச் சொன்ன கப்டன்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை, ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் நாங்கள் வாங்கிய புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகும் குடிபூரல் அன்று நடந்தது இது. நகரத்துக்குள் மல்வேர்னில் வாடகை வீட்டில் இருந்து பிள்ளைகளை வளர்த்து, பஸ் பிடித்து ஷிப்ற் வேலைக்கு ஓடி, ஒருவழியாகச் சொந்த வீடு என்று ஒன்றுக்கு வந்திருந்தோம். என் கணவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்டவர் நிண்டவர் எல்லாரையும் குடிபூரலுக்கு அழைத்துவிட்டு வந்தார். இத்தனை பேருக்கு வீடு காணாது என்று நான் சொன்னதற்கு, கராஜ் சும்மாதானே கிடக்கிறது என்றார்.

வீடு கண்டாலும் தெரு காணாது என்பது பிறகுதான் உறைத்தது. புதுக் குடியிருப்பு, ஒடுக்கமான தெரு. வருகிறவர்களின் கார்களை எங்கே விடுவது? பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு கார் தாராளமாக நிற்கும். ஆனால் போய்க் கேட்கப் பயம். அந்த வீட்டுக்காரரை நாங்கள் தூரத்தில் இருந்துதான் பார்த்திருந்தோம். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. மூக்கு ஒரு பக்கம் வளைந்து கிடந்தது. காதுகள் இரண்டும் பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டிருந்தன. "உவர் ஆள் சரியில்லைப் போலை கிடக்கு. கராஜ் கதவைப் பூட்டி வையும்" என்று என் கணவர் வந்த அன்றே எனக்குச் சொல்லியிருந்தார்.

வேறு வழியில்லாமல் ஒரு பின்னேரம் இருவருமாகப் போய்க் கதவைத் தட்டினோம். அந்த மனிதர் எங்களை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் தந்தார். பால் விட்டு, சாயம் கூட்டி, எங்கள் ஊர்த் தேநீர் மாதிரியே இருந்தது. இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்தில் பிறந்தவராம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு றக்பி லீக் விளையாடப் போய், அதையே தொழிலாகச் செய்து, ஓர் அணிக்குப் பல வருடங்கள் கப்டனாக இருந்தவராம். மனைவி ரொறன்ரோக்காரி என்பதால் விளையாட்டை விட்ட பிறகு இங்கே வந்துவிட்டார்.

என் கணவருக்கு அமெரிக்கர்கள் ஹெல்மெற் போட்டு விளையாடுகிற அந்த விளையாட்டுத்தான் தெரியும். ஹெல்மெற் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். தலையில் ஒன்றும் போடுவதில்லையாம். தான் முன்வரிசை ஆட்டக்காரன், பந்தை வாங்கி எதிரே நிற்கிறவர்கள் மேல் நேராக ஓடி மோதி விழுவதும், எழும்பித் திரும்ப மோதுவதும்தான் தன் உத்தியோகம் என்றார். புள்ளி எடுப்பவர்கள், பத்திரிகைப் படத்தில் வருபவர்கள் எல்லாம் வேறு ஆட்களாம். அப்படியானால் கப்டன் என்ன செய்வார் என்று நான் கேட்டேன். நடுவரோடு வாய் திறந்து பேச அணியில் கப்டன் ஒருவனுக்குத்தான் அனுமதி, தனக்கு வாய் நீளம், அதனால்தான் கப்டனாக்கினார்கள் என்றார். எங்கள் வீட்டில் அந்த அனுமதி யாருக்கு இருக்கிறது என்று என் கணவர் திரும்பி வரும்போது என்னைச் சீண்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் கப்டன்தான். தன் வாசல் முழுவதையும் எங்களுக்கு விட்டுக் கொடுத்தார். நாங்கள் அவரையும் குடும்பத்தையும் குடிபூரலுக்கு அழைத்தோம்.

அந்த ஞாயிறு காலை, ஐயர் வருவதற்குச் சற்று முன், என் கணவர் ஏணியில் ஏறி வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். பிளாஸ்ரிக் தோரணம் கடையில் இருந்தது. அது கூடாதாம், சொந்த வீட்டுக்குப் பச்சை மாவிலைதான் வேண்டுமாம். வேட்டியோடு ஏணியில் ஏற வேண்டாம் என்றேன். கேட்டால்தானே? ஏணி சரிந்தது. வாசல் படியின் சீமெந்து விளிம்பில் அவருடைய தலையின் பக்கவாட்டு அடிபட்ட சத்தம் உள்ளே குசினியில் சமைத்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது.

நான் ஓடிப் போவதற்குள் எழும்பிவிட்டார். வேட்டியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "எனக்கு ஒண்டுமில்லை. சும்மா பயப்பிடாதையும்" என்றார். இரத்தம் ஒரு சொட்டு இல்லை. காதுக்கு மேலே சின்ன வீக்கம், அவ்வளவுதான். எல்லாருக்கும் மூச்சு வந்தது.

என் கணவரின் மூத்த சகோதரி, எனக்கு மச்சாள், இதைச் சும்மா விடவில்லை. வீடு வாங்கியதைப் பார்த்து யாருடையவோ கண் பட்டுவிட்டது என்றார். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துத் தம்பியின் தலையைச் சுற்றி, புது அடுப்பில் சட்டியை வைத்து அதில் போட்டார். மிளகாய் கமறி வீடு முழுக்கப் புகை. புது வீட்டின் புகை அலாரம் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? மேலும் கீழுமாக எல்லாம் ஒன்றாக அலறத் தொடங்கின. நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்துக் கப்டன் வேலியால் ஏறிக் குதித்து ஓடி வந்தார்.

நெருப்பு இல்லை, கண்ணூறு கழிக்கிறோம் என்று இருமிக்கொண்டே விளங்கப்படுத்தினேன். ஏன் என்று கேட்டார். ஏணியால் விழுந்த கதையைச் சொன்னேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறிவிட்டது. கதிரையில் இருந்த என் கணவரின் முன்னால் குந்தி, கண்களை உற்றுப் பார்த்தார். இன்று என்ன கிழமை, எந்த ஊர், நேற்று இரவு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியான பதில். ஆனாலும் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது என்றார் கப்டன். பூசை முடியட்டும் என்றார் இவர். கப்டன் என்னைத் தனியே கூப்பிட்டார். வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தால், கேட்டதையே திரும்பக் கேட்டால், நித்திரை வருகிறது என்றால் ஒரு நிமிடமும் பொறுக்கக் கூடாது என்றார். அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போகவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சொக்ஸோடு விறாந்தைச் சுவரில் சாய்ந்து நின்றார். வந்த சனமெல்லாம் அவரை ஒரு மாதிரிப் பார்த்தது.

பூசை தொடங்கியது. நானும் இவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ஏணியை எடுத்து வைத்தாயிற்றா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன். கொஞ்ச நேரத்தில் அதையே கேட்டார். ஐயர் சங்கற்பம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் ஏணி. நிமிர்ந்து பார்த்தேன். கப்டனின் கண் எங்கள் இருவர் மேலும்தான் இருந்தது. இவர் திடீரென்று எழும்பிக் குளியலறைக்குப் போனார். சத்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

வெறும் வயிறு, பித்தம் என்றார் மச்சாள். வேறு இரண்டு பேரும் தலையாட்டினார்கள். இவர் முகம் வெளுத்து வந்து, கொஞ்ச நேரம் படுக்கட்டுமா என்று கேட்டார். நான் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தேன். சுபநேரம் போகப்போகிறது, பால் பொங்கின பிறகு எங்கேயென்றாலும் போகலாம் என்று நாலு பக்கத்தாலும் சொன்னார்கள். மச்சாள் என் கையைப் பிடித்தார். "நல்ல நாள் அதுவுமா வாசலிலை அம்புலன்ஸ் வந்து நிண்டால் சனம் என்ன சொல்லும்? இந்த வீட்டிலை பிறகு எப்பிடி இருக்கிறது, சொல்லும் பாப்பம்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தம்பி நன்றாக வாழ வேண்டும் என்ற ஆசையில்தான் அப்படிச் சொன்னார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

அப்போதுதான் கப்டன் சனத்தை விலத்திக்கொண்டு உள்ளே வந்தார். இவரிடம் போகவில்லை, ஐயரிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்து குனிந்து, ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னார்.

"அவரிடம் இனி ஒன்றும் கேட்காதீர்கள். அடிபட்ட தலைக்குத் தான் அடிபட்டது தெரியாது. இப்போது நீங்கள்தான் கப்டன். இதை நிறுத்தச் சொல்ல உங்களால்தான் முடியும்."

கலியாணம் கட்டி வந்த நாள் முதல், கணவர் பக்கத்துப் பெரியவர்கள் கூடியிருக்கிற இடத்தில் நான் வாய் திறந்தவள் இல்லை. தேநீர் கொண்டு வந்து வைப்பேன், போவேன். அன்று எழும்பி நின்றேன்.

"ஐயா, பூசையை நிப்பாட்டுங்கோ. நான் இவரைக் கொண்டு போகப்போறன்."

ஐயர்தான் முதலில் வாய் திறந்தார். "கொண்டு போங்கோ அம்மா. நேரம் நான் பிறகு பாத்துத் தாறன்" என்றார். அந்தச் சொல்லுக்காக அவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். மச்சாள் என் கையை விட்டார்.

நான் அம்புலன்சுக்குப் போன் அடிக்க, கப்டன் வெளியே பாய்ந்தார். தெருவின் இரண்டு பக்கமும் எங்கள் சனத்தின் கார்கள், வான்கள். அம்புலன்ஸ் நுழைய வழியில்லை. அவர் தெரு நடுவில் நின்று ஒவ்வொரு காராகக் கையைக் காட்டிக் கத்த, பட்டு வேட்டி கட்டிய அங்கிள்மார் கார்த் திறப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு வானின் சொந்தக்காரரைக் காணவில்லை. பிறகு பார்த்தால் கராஜில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். அவரையும் தட்டோடு இழுத்து வந்தார். அம்புலன்ஸ் வந்தபோது தெரு துடைத்துவிட்டது போல் கிடந்தது.

அம்புலன்சில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் இவர் நித்திரையானார். கூப்பிட்டேன். தட்டினேன். எழும்பவில்லை. அந்தப் பயணத்தைப் பற்றி அதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் கசிந்து மூளையை அமத்திக்கொண்டிருந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் படம் பிடித்து அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ரொறன்ரோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி உடனே சத்திரசிகிச்சை செய்தார்கள். நல்ல நேரத்துக்குக் கொண்டு வந்தீர்கள், வீட்டில் படுக்க விட்டிருந்தால் எழும்பியிருக்க மாட்டார் என்றார் டொக்டர். அந்த வாக்கியத்தை நான் தமிழில் சொல்ல, மச்சாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதார்.

சத்திரசிகிச்சை முடியும் வரை கப்டன் எங்களோடுதான் இருந்தார். மச்சாளுக்குத் தேநீர் வாங்கி வந்து கொடுத்தார். உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். வழக்கமாக வாய் ஓயாத மனிதர், கையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

அது அவர் விளையாடிய கடைசி ஆட்டமாம். ஒரு மோதலில் தலை அடிபட்டு எழும்பினார். தனக்கு ஒன்றுமில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்ததாம். ஆனால் உப கப்டனிடம் எத்தனை புள்ளி என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். கப்டன் களத்தில் நிற்கும்போது மற்றவர்கள் நடுவரிடம் பேசக் கூடாது. அந்த உப கப்டன் பேசினார். எங்கள் கப்டன் சரியில்லை, ஆட்டத்தை நிறுத்துங்கள், இவரை வெளியே எடுங்கள் என்று நடுவரின் முன்னால் போய் நின்றார். கப்டன் எல்லாருக்கும் முன்னால் அவரைத் தள்ளிவிட்டு, தூஷண வார்த்தையால் திட்டியிருக்கிறார். ஆட்டத்தில் தோற்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அந்த மனிதரோடு பேசவில்லை. இத்தனை வருடம் அடி வாங்கிய தலையைப் படம் பிடித்துப் பார்த்த டொக்டர், அன்று இன்னுமோர் அடி விழுந்திருந்தால் நீ இல்லை என்று சொன்ன பிறகுதான் அந்த உப கப்டனுக்குத் தொலைபேசி எடுத்து அழுதாராம்.

"இன்றைக்கு நான் அவனுடைய வேலையைச் செய்தேன்" என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டு எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனார். என்ன சொன்னவர் என்று மச்சாள் கேட்டார். சொன்னேன். கப்டன் திரும்பி வந்ததும் மச்சாள் அந்தப் பெரிய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, "தம்பி, நீ நல்லா இருப்பாயப்பு" என்றார். அதற்குக் கப்டன் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை.

இவர் தேறி வீட்டுக்கு வர ஒரு மாதம் போனது. வந்த அன்று மச்சாள் பஞ்சாங்கம் பார்க்காமல் பால் காய்ச்சினார். இப்போது இவர் வேலைக்குப் போகிறார். ஏணியைக் கண்டால் மட்டும் நான் உறுமுவேன். கப்டனுக்கு வெள்ளிக்கிழமைகளில் வடை கொடுத்தனுப்புகிறேன். உறைக்குது என்று முகம் சிவக்கச் சிவக்கச் சாப்பிடுகிறார்.

ஆனால் கப்டனுக்கு முழுச் சுகமில்லை. வெயில் கூடிய நாளில் கறுப்புக் கண்ணாடி போட்டாலும் தலையிடி என்று வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சில நாள் என் கணவரின் பெயர் வாயில் வராமல் தடுமாறுவார். அவர் தன் தலையைக் கொடுத்துப் படித்த பாடத்தில்தான் என் கணவர் பிழைத்தார்.

என் கணவருக்கு அந்தக் காலை சுத்தமாக நினைவில் இல்லை. தோரணம் கட்டப் போனதோடு சரி, அடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டில்தான். எல்லாரும் கதையைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று இப்போதும் சிரிப்பார். நான் மறுத்துப் பேசுவதில்லை. அவர் மறந்துவிட்ட அந்தக் காலைக்கும் சேர்த்து நன்றி சொல்கிற வேலை என்னுடையது. தினமும் அவர் வேலைக்குப் புறப்பட்டு வானை எடுக்கும் சத்தம் கேட்கும்போது, ஒருவருக்கும் கேளாமல் அதைச் சொல்லிக்கொள்கிறேன்.