தாமதமாக வந்த ஐந்தாவது அலை

ஓவியாவிடம் யாராவது கேள்வி கேட்டால் கணவன் அகிலன் பதில் சொல்வான். அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் அவர்களைத் தெரிந்தவர்கள் இதைப் பாசம் என்றே எடுத்துக்கொண்டார்கள். மருந்து கம்பெனிப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கத் தனியாக முடிவெடுக்கிற ஓவியாவுக்கும், கல்யாணமான நான்கு வருஷத்தில், பேசாமல் இருப்பதே வேலை மிச்சம் என்று ஆகிவிட்டது.

மார்ச் மாதம் அவளுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. தலை சுற்றியது. கார் ஓட்டுவதை நிறுத்தினாள். நரம்பியல் டாக்டர் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார். படத்தில் ஒரு சிறு புள்ளி, அதுவும் தெளிவாக இல்லை. நரம்பின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயின் ஆரம்பமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். இருந்தால் மருந்தை உடனே தொடங்க வேண்டும். தள்ளிப்போட்டால், அடுத்த தாக்குதலில் போகும் பார்வையோ நடையோ முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

இதற்கு முன்னால் இப்படி ஏதாவது வந்ததுண்டா என்று கேட்டார் டாக்டர்.

"நோ நோ, ஷி இஸ் வெரி ஹெல்தி," என்றான் அகிலன்.

ஓவியா திரும்பிப் பார்த்தாள். இரண்டு அகிலன்கள் தெரிந்தார்கள். இரண்டு பேரும் உறுதியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் எவோக்டு பொட்டென்ஷியல் என்ற சோதனைக்கு எழுதிக்கொடுத்தார். காதில் டிக் டிக் என்று சத்தம் கொடுத்து, அந்தச் செய்தி மூளைத்தண்டைக் கடக்க எவ்வளவு நேரமாகிறது என்று தலையில் ஒட்டிய எலக்ட்ரோடுகளால் அளப்பது. படத்தில் பிடிபடாத சேதம் சில சமயம் அந்தத் தாமதத்தில் பிடிபடும். தேதி கிடைக்க ஐந்து வாரம் ஆனது.

தலைக்குக் குளித்து, எண்ணெய் எதுவும் தடவாமல் வரவும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கோபியிலிருந்து வந்திருந்த மாமியார் சாந்தாமணிக்கும் ஓவியா அதைப் படித்துச் சொன்னாள். சோதனை நாள் காலை, குளித்துவிட்டு சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்தவளின் உச்சந்தலையில் வெதுவெதுப்பாக என்னவோ இறங்கியது.

"அத்தை!"

"தலை சுத்தறதுன்னா சூடுதான் கண்ணு. ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெய்."

"எண்ணெய் கூடாதுன்னு படிச்சுச் சொன்னனுங்களே!"

"அது இந்த ஊர் எண்ணெயைச் சொல்லியிருப்பாங்க."

"விடு ஓவி, ரெண்டு சொட்டுதானே. டைம் ஆச்சு," என்றான் அகிலன், கார் சாவியைத் தேடிக்கொண்டே.

சோதனை செய்பவர் பவளம். ஐம்பது வயதிருக்கும், இருபது வருஷமாக இதே வேலை. ஓவியாவின் வகிட்டை விலக்கிப் பார்த்தவர் ஆங்கிலத்தைக் கைவிட்டார்.

"யார் வெச்சது? மாமியாரா?"

"ரெண்டு சொட்டுதான் ஆன்ட்டி," என்றான் அகிலன்.

"நீங்க அளந்தீங்களா தம்பி?"

எலக்ட்ரோடு ஒட்ட வேண்டிய ஒவ்வொரு இடத்தையும் பஞ்சால் தேய்த்துத் தேய்த்து எடுக்க இருபது நிமிஷம் பிடித்தது. பிறகு காதில் சத்தம் ஆரம்பித்தது. திரையில், செய்தி கடக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்றாக ஐந்து சின்ன அலைகள் வரவேண்டிய இடத்தில் முள்வேலி மாதிரி என்னவோ வந்தது.

"பல்லைக் கடிக்காத கண்ணு. தாடை இறுகினா அதோட கரண்ட்தான் பெருசா விழும். மூளையோடது அதுல காணாமப் போயிரும்."

"அவ டென்ஷன் டைப்பே இல்ல ஆன்ட்டி. கொஞ்சம் தூக்கம் பத்தல, அவ்ளோதான். நேத்துகூட..."

அவன் பேசப் பேச முள் அடர்ந்தது. பவளம் திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"தம்பி, கீழ போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க."

"பரவால்ல, இங்கயே இருக்கேன். அவகிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா..."

"அவகிட்ட கேட்டுக்கறேன். போங்க."

கதவு மூடியது. ஐந்து நிமிஷத்தில் கோடு அடங்கியது. ஆயிரக்கணக்கான டிக் டிக்குகளைச் சேர்த்துச் சராசரி எடுத்ததும், வலது காதுக்கு ஐந்து அலைகளும் வரிசையாக வந்தன. இடது காதுக்கு மூன்றாவதுவரை ஒழுங்கு. ஐந்தாவது தாமதித்து வந்தது. பவளம் மறுபடி ஓட்டினார். அதே தாமதம்.

"என்ன ஆன்ட்டி?"

"ரிசல்ட் டாக்டர்தான் சொல்லணும். நான் ஃபார்ம் நிரப்பணும். இடது பக்கம் முன்னாடி ஏதாவது இருந்துச்சா?"

"போன வருஷம் ஜனவரியில. பாதி மூஞ்சி மரத்துப்போச்சு. பத்து நாள்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"பனிக்காத்துன்னு சொன்னாங்க."

"எந்த டாக்டர்?"

"வீட்டுல."

பவளம் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாத்தனாருக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருந்தாங்க. வீட்டுல நரம்பு வியாதின்னு பேச்சு வரக்கூடாதுன்னு..."

"நான் இதுல எழுதிடறேன். ஆனா இதை எல்லாரும் படிப்பாங்கன்னு நம்பாத. நீ வாயத் தொறந்து சொல்லு."

அடுத்த வாரம் டாக்டர் அந்தத் தாமதத்தைக் காட்டினார். படத்திலிருந்த புள்ளியோடு அது பொருந்துகிறது, ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்றார். முன்பே ஒரு தாக்குதல் வந்திருந்தால் கதை வேறு.

"பிஃபோர் திஸ், நத்திங்..." என்று ஆரம்பித்தான் அகிலன்.

"அகில், போதும்."

ஜனவரி, இடது கன்னம், பத்து நாள், பல் தேய்த்தால் பிரஷ் படுவதே தெரியாதது. எல்லாவற்றையும் ஓவியா ஆங்கிலத்தில் வரிசையாகச் சொன்னாள். டாக்டர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். தேவையான ரத்தப் பரிசோதனைகள் முடிந்ததும் மருந்து தொடங்கிவிடலாம் என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் அகிலன் கேட்டான்: "இவ்ளோ முக்கியம்னா அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"பத்து நாளும் சொன்னேன்."

அவன் கார் கதவைத் திறந்தான். "சரி, அடுத்த மாசம் தங்கச்சிக்கு நிச்சயம். அது முடியற வரைக்கும் ஊர்ல யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். மருந்தையும் அதுக்கப்புறம்..."

"நாளைக்கே ரத்தம் குடுக்கறேன்," என்றாள் ஓவியா. "உங்க வீட்டுல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"