எட்டாம் எண் வில்லை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள். அம்மா புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துப் படிக்க வைத்தார். இவ்வளவு படித்துவிட்டு இதையா சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள், நடந்தது நடந்ததுதான்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் காதர் அண்ணன் சைக்கிள் கடை வைத்து, ஊர் சுற்றிக் காட்டும் பயணங்களும் நடத்துகிறார். வழிகாட்டி வேலைக்கு அன்று எனக்குச் சோதனை.

"யாரையாச்சும் வழியில விட்டுட்டு வந்தே, இந்த வேலை உனக்கு இல்ல லா, தங்கச்சி," என்றார்.

பயணத்தின் பொருள் நிலக்கரி. பினாங்கில் சுரங்கம் கிடையாது. ஆனால் கரியில் ஓடிய கப்பல்கள் இங்கே நின்றன, கூடையில் கரி சுமந்தவர்களில் நம்மவர்களும் உண்டு, இங்கே இறங்கி சிலாங்கூர் சுரங்கத்துக்குப் போனவர்களும் உண்டு. துறைமுகம் பக்கம் ஒரு பழைய கடைவீட்டில் இதற்கென்றே சின்னக் கண்காட்சி இருக்கிறது. அங்கே ஒரு மரப்பலகை. சுரங்கத்தில் இறங்குகிறவர் எண் போட்ட பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போவார், ஏறி வந்ததும் பலகையில் மாட்டுவார். இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுத்து வாங்கும் விளக்கறைக்காரர் ஆளை நேரில் பார்த்த பிறகு அந்த வில்லையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார். கடைசி வில்லை திரும்பும்வரை அவர் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

அதைப் பார்த்து நானே கடைச் சுவருக்கு ஒரு பலகையும் தகரத்தில் எட்டு வில்லைகளும் செய்திருந்தேன். விருந்தினர் ஏழு பேருக்கு ஏழு, எட்டாவது எனக்கு. என் யோசனை என்பதில் கொஞ்சம் கர்வம்கூட.

மதிய வெயில் ஆளை உருக்கியது. "இன்னும் எவ்ளோ தூரம் லா? என் முட்டி அழுவுது," என்று ஒரு அக்கா நிற்குமிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கண்காட்சியை விட்டுக் கிளம்பும்போது திரும்பி எண்ணினேன். ஏழு இல்லை, எட்டு. கடைசியில் ஒரு பெரியவர், கறுப்புப் பழஞ்சைக்கிள், தலைக்கவசம் இல்லை. ஏழு பேரைத் தவிர இன்னொருவர் தாமதமாக வந்து சேரலாம் என்று காதர் அண்ணன் சொல்லியிருந்ததால், அவர்தான் என்று நினைத்துக்கொண்டேன். படகுத்துறையிலும் எண்ணினேன், எட்டு.

கடைக்குத் திரும்பியபோது ஏழு பேர்தான் இருந்தார்கள். ஏழு வில்லைகளையும் பலகையில் எண் தெரிய மாட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

"அண்ணே, அந்தப் பெரியவர் வரலியே?"

"எந்தப் பெரியவரு? அந்த ஆளு வரலன்னு காலையிலயே போன் பண்ணிட்டாரு. வெயில்ல மண்டை சூடாயிடுச்சு உனக்கு. போய் தண்ணி குடி."

போயிருக்கலாம். தொடை இரண்டும் கல்லாகிவிட்டிருந்தன. ஆனால் நான் பார்த்தேனே. அந்த வயதில் ஒருவர் எங்கேயாவது விழுந்து கிடந்தால்? வேலை போவது அப்புறம், அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன்? மறுபடி சைக்கிளை எடுத்தேன். ஹேண்டில்பாரில் கட்டியிருந்த என் எட்டாம் எண் வில்லை டக் டக் என்று தட்டிக்கொண்டே வந்தது. படகுத்துறை, கண்காட்சி, நடுவிலிருந்த சந்துகள், எங்கும் அவர் இல்லை. அழுகை வந்தது, அழக்கூடத் தெம்பில்லை. திரும்பும் வழி முழுக்க அதே டக் டக்.

கடை வாசலில் காதர் அண்ணன் நின்றிருந்தார்.

"உன்னோட பெரியவரு வந்தாரு. எல்லாரும் ஏறி வந்தாச்சான்னு கேட்டாரு. ஒரு பொண்ணு மட்டும் இன்னும் வரலன்னேன். அப்ப நான் இருக்கேன்னு இந்த ஸ்டூல்லயே உக்காந்துட்டாரு. நீ அந்த முனை திரும்பினதும் எந்திரிச்சு எதையோ மாட்டிட்டு, சரி, விளக்க அணைக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பகல்ல எந்த விளக்கு லா?"

காதர் அண்ணன் அந்தக் கண்காட்சிப் பக்கமே போனதில்லை. விளக்கறைக்காரர் கதையை நான் அவரிடம் சொன்னதும் இல்லை.

பலகையைப் பார்த்தேன். எட்டு வில்லைகள், எட்டும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தன. கடைசி வில்லையில் கரி படிந்த கட்டைவிரல் ரேகை. திருப்பிப் பார்த்தேன், என் கையெழுத்தில் எட்டு. என் ஹேண்டில்பாரில் வெறும் கயிறுதான் இருந்தது.

வேலை கிடைத்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். முடிச்சு வழியில் அவிழ்ந்து வில்லை எங்கோ விழுந்திருக்கும், யாரோ எடுத்து வந்திருப்பார்கள் என்று நானும் எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் நான் முனை திரும்பும்போதே அவர் அதை மாட்டிவிட்டார் என்கிறார் காதர் அண்ணன். அந்த டக் டக் சத்தமோ, கடை வாசலில் நான் பிரேக் பிடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.