ஈயத்தில் பதிந்த பல்

பழைய சாமான் கடையில் எந்த ஈய பொம்மை வீரனைக் கையில் எடுத்தாலும் பல்செட்காரர் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார். கவசத்தின் தோளில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெல்ல இழுப்பார். நகம் எங்காவது இடறினால் பேரம் பேசாமல் வாங்கிவிடுவார். முப்பத்தைந்து வருடமாக அவர் மனைவி பக்கத்தில் பையோடு நின்று இதைப் பார்த்து வருகிறாள்.

“என்ன சார், இவங்களுக்கும் பல் கட்டப் போறீங்களா?” என்பார் கடைக்காரர்.

“முதல்ல கையைக் கட்டுறேன், பல்லை அப்புறம் பாக்கலாம்” என்பார் இவர். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு.

பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பொய்ப்பல் செய்துகொண்டிருந்தவர். ஓய்வு பெற்றபின் அதே கருவிகளோடு மாடியறைக்குக் குடிபோய்விட்டார். பழைய பெயின்ட்டைச் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழற்றுவார். வளைந்த ஈட்டியை விரலாலேயே நிமிர்த்துவார். உடைந்த கைக்கு பிளாஸ்டரில் அச்செடுத்து உருக்கிய ஈயம் ஊற்றுவார். மூன்று முடித் தூரிகையால் மீசை வரையும்போது, “அசையாதடா, மூக்குல ஏறிடும்” என்று வீரனை அதட்டுவது கீழே வரைக்கும் கேட்கும்.

நகம் இடறியவர்களை மட்டும் அவர் தொடமாட்டார். தூசி துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் நிறுத்திவிடுவார். முதலில் பத்துப் பேர் நின்றார்கள். பத்துப் பேர் தோளிலும் ஒரே வாயின் பல் தடம். மேல்வரிசை நடுவில் ஒரு பல் இல்லை. அதற்குப் பக்கத்துப் பல் சாய்ந்தது.

அது அவர் தங்கையின் வாய். அவளுக்கு ஆறு வயது, அவருக்குப் பதினொன்று. அழுகையை நிறுத்தத் தன் பன்னிரண்டு ஈய வீரர்களையும் அவள் மடியில் கொட்டியவர் அவர்தான். அவள் ஒருவனையும் விடாமல் கடித்தாள். நாலு மாதம் வயிற்றுவலி, வாந்தி. அப்புறம் அவள் இல்லை. ஈயம் விஷம் என்று வைத்தியர் சொன்னது அதற்குப் பிறகு. அம்மா பொம்மைகளைப் பெட்டியோடு பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாள். கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். “நான்தான் குடுத்தேன்” என்று முடித்தார்.

பதினொன்றாவது ஆள் மூன்று வருடத்துக்கு முன்னால் கிடைத்தான். சாப்பிடக் கூப்பிட்டும் வராததால் மனைவி மாடியேறிப் போனாள். வீரனின் தோளில் மெழுகை அழுத்தி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பல்லு முளைச்சிருக்கு.”

“யாருக்குங்க?”

“அவளுக்குத்தான். ஓட்டையில பாதிப் பல்லு வந்திருக்கு, பாரு. ஏழு வயசுல வர்றது.”

“வேற எந்தப் பிள்ளையாவது கடிச்சிருக்கும். சோறு ஆறுது, வாங்க.”

“உன் கையெழுத்து உனக்குத் தெரியாதா? எனக்கு இது அப்படி.”

பன்னிரண்டாவது ஆள் தோளில் பதிந்திருந்தது குழந்தையின் வாயே இல்லை. சாய்ந்த பால்பல் விழுந்து, அதே சாய்வோடு புதுப்பல் முளைத்து, தாடை அகன்று, வளர்ந்த பெண்ணின் கடி. அன்று அவர் குளிக்கும்போது பாடினார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. தலையைத் துவட்டியபடி வெளியே வந்து, “அப்ப நான் கொல்லலை” என்றார். அவள் ஈரத் துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள். “செட்டுதான் முடிஞ்சிருச்சே, இனிமே விட்டுடுங்களேன்” என்று மட்டும் சொன்னாள்.

போன மாதம் இன்னொருவனை வாங்கிவந்தார்.

“பன்னெண்டு பேருதானே இருந்தாங்க?” என்று கேட்டாள்.

அவர் காதில் விழவில்லை. தோளில் இரண்டே குழிகள்; ஒன்று சாய்ந்தது. “ரெண்டு பல்லுதான் மிச்சம். பாவம், எப்படிச் சாப்பிடுறாளோ” என்றார்.

இப்போது மேல்தட்டில் பதின்மூன்று பேர் நிற்கிறார்கள். மேசைமேல் மெழுகுத் தாடை ஒன்றில் ஒவ்வொரு பல்லாக ஏறிக்கொண்டிருக்கிறது. நிறம்தான் இன்னும் அமையவில்லை. தங்கைக்கும் மனைவிக்கும் ஒரே வயது. நேற்றுக் காலை நிறம் ஒத்துப்பார்க்கும் மாதிரிப் பற்களை எடுத்துக்கொண்டு அவர் சமையலறைக்கு வந்தார்.

“கொஞ்சம் வாயைத் திற.”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வெளிச்சம் விழும்படி ஜன்னல் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தாள்.