அடுக்கு தெரியாத கல்

தில்லையம்பலம் அண்ணா இறந்துவிட்டார் என்று அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தபோது, லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மனோர் பார்க்கில் அவர் தங்கியிருந்த அறையில், தூக்கத்திலேயே போய்விட்டாராம். நோர்வேயில் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், வேலைப் படிவத்தில் அவளுடைய எண்ணைத்தான் எழுதியிருக்கிறார், நீயே தமிழில் சொல்லிவிடு என்றார்கள். ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த எனக்கு, அவருக்கு மகள் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

இதை வாசிக்கும் உங்களில் சிலர் அவரைக் கோயில் வாசலில் பார்த்திருப்பீர்கள். மற்றவர்களின் செருப்பையும் நேராக வைத்துவிட்டுப் போகும் மெலிந்த மனிதர். தகனத்துக்கு ஏழு பேர் வந்தோம்.

லண்டனில் புதுக் கட்டடங்களுக்குத் தோண்டும் குழிகளிலிருந்து வரும் பழம்பொருட்களைக் கழுவுவது எங்கள் வேலை. ஆளுக்கொரு வாளி, ஒரு பல் பிரஷ், எதிரே எலும்பும் பானை ஓடும். கணவரின் ஐடி வேலைக்குப் பின்னால் திருச்சியிலிருந்து வந்த எனக்கு, பகல் முழுக்கத் தமிழ் பேசக் கிடைத்தவர் அவர் ஒருவர்தான். "ஆமா, ஆமா எண்டு தலையாட்டுறியள் தங்கச்சி. ஓட்டிலை மண் அப்பிடியே கிடக்குது" என்பார்.

ஒருநாள் நான் வெறும் கல் என்று ஒதுக்கிய ஒன்றை எடுத்துப் பெருவிரலால் தடவினார். விரல் நீளம், சாம்பல் நிறம். "இது நோர்வேக் கல். கத்தி தீட்டுறது" என்றார். லண்டனுக்கு வருமுன் வட நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். "ஒவ்வொரு நாளும் விடிய இப்பிடி ஒண்டிலைதான் கத்தி தீட்டினனான். கை மறக்காது." பிறகு பார்த்த கல் நிபுணரும் அதையேதான் சொன்னார்.

நோர்வேப் பக்கத்து வைகிங்குகள் என்றால் கப்பலில் வந்து கொள்ளையடித்தவர்கள் என்றுதானே படித்திருக்கிறோம். அந்தக் கல் வந்த குழியில் மேலடுக்கு கொள்ளைக் காலத்தது, கீழடுக்கு அதற்கு முந்தியது. கல் கீழடுக்கிலிருந்து வந்திருந்தால், வாள் வருவதற்கு முன்பே அவர்கள் ஊர்ச் சரக்கு லண்டனில் விலைபோயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இரண்டு அடுக்கின் தட்டுகளையும் ஒரே மேசையில் உலர வைத்து, லேபிள்களைக் கலந்துவிட்டிருந்தேன் நான்.

"கீழடுக்குத் தட்டுலருந்துதான் எடுத்தேன்னு நினைக்கிறேன்" என்றேன்.

"நினைக்கிறியளோ, தெரியுமோ?"

வேலை போய்விடுமே என்ற பயத்தில், "கீழடுக்குன்னு நீங்க சொன்னா நம்புவாங்கண்ணா" என்று கெஞ்சினேன்.

"நம்புவினம். அதுதான் பயம்."

கீழடுக்கு என்றுதான் அவரும் நினைத்தார். இருந்தும் லேபிளில் 'அடுக்கு தெரியாது' என்று எழுதினார். என் வேலை போகவில்லை. ஆனால் அவர் கண்டுபிடித்த அந்தக் கல்லுக்கு அறிக்கையில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. குற்றம் செய்தவளே கோபித்துக்கொண்டு ஒரு மாதம் முகம் கொடுக்காமல் இருந்தேன். அவர் வழக்கம்போல எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வெளிநாட்டுக்குப் பேசும் கார்ட் ஒன்று வாங்குவார். எல்லார் கையிலும் மொபைல் வந்துவிட்ட பிறகும், ஸ்டேஷன் பக்கத்துத் தொலைபேசிப் பெட்டிக்குள் போய் நிற்பார். ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். "கார்டுக்குக் குடுத்த காசு வீண்தானே அண்ணா, அதுக்குள்ள என்ன பேசிட்டீங்க?" என்று ஒருமுறை சீண்டினேன். "குரல் கேட்டால் போதும்" என்றார். யாருடைய குரல் என்று நான் கேட்டிருக்கலாம். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கேட்கவில்லை. அதற்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

மகள் பெயர் ஆரணி. செய்தியைச் சொன்னதும் எப்போது, எங்கே என்று விசாரித்தாள். பிறகு, "அப்பா என்னைப் பற்றிக் கதைக்கிறவரோ?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஒரு தடவைகூடப் பேசினதில்ல."

"எனக்குப் பத்து வயசிலை வீட்டை விட்டு வெளிக்கிட்டவர். பிறகு வரவும் இல்லை, எழுதவும் இல்லை." கொஞ்சம் தயங்கினாள். "வெள்ளிக்கிழமைகளிலை ஒரு போன் கோல் வரும். நம்பர் விழாது. ஹலோ, ஹலோ எண்டுவன், ஒருத்தரும் கதைக்கமாட்டினம். அது அவரோ?"

ஆமா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆமா சொல்வது எனக்கு எப்போதுமே சுலபம். அப்போதுதான் அவருடைய கேள்வி காதில் விழுந்தது: நினைக்கிறியளோ, தெரியுமோ? நான் கண்டதை மட்டும் சொன்னேன். வாங்கிய கார்ட், ஸ்டேஷன் பெட்டி, குரல் கேட்டால் போதும் என்றது. யாருடைய குரல் என்று அவர் சொல்லவில்லை என்பதையும் மறைக்கவில்லை. மறுபக்கம் அவள் அழுவது கேட்டது.

கழுவும் அறையில் அவருடைய பிரஷும் கோப்பையும் அப்படியே இருக்கின்றன. தேநீரை இப்போது எனக்கு மட்டும் போட்டுக்கொள்கிறேன். அந்த அறையில் நான் ஆமா சொல்லக்கூட ஆளில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

போன வெள்ளிக்கிழமை நானும் ஒரு கார்ட் வாங்கி, அதே பெட்டிக்குள் நின்று ஆரணியை அழைத்தேன். எப்படி இருக்கிறாள் என்று கேட்கத்தான். அவளுக்கு நம்பர் விழுந்திருக்காது. எடுத்தவள் ஹலோ என்று சொல்லவில்லை.

"கதையுங்கோ" என்றாள்.