முயலுக்கு ஆபரேஷன்

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் வழியில் கம்பிக் கூண்டில் வைத்து விற்றவன், ஆண் முயல் என்று சத்தியம் செய்துதான் கொடுத்தான். ஒற்றை ஆண் என்றால் குட்டி கிட்டி என்று தொல்லை இருக்காது என்று வாங்கி வந்தேன். மஞ்சக்குப்பத்தில் மாடி போர்ஷனில் நானும் அதுவும்தான். பெயர் வைக்கவில்லை. இருப்பது இரண்டே பேர். நான் வாயைத் திறந்தால் அதனிடம்தான் பேசுகிறேன் என்று அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டாவது வருஷம் ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தால் கூடம் முழுக்க வெள்ளை ரோமம். பூனை புகுந்துவிட்டது என்று நினைத்துத் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பூனையுமில்லை, ஒன்றுமில்லை. முயல் தன் நெஞ்சு ரோமத்தைத் தானே பிடுங்கி, வைக்கோலோடு சேர்த்துக் கட்டிலுக்கடியில் கூடு கட்டிக்கொண்டிருந்தது. வாய் நிறைய வைக்கோலோடு என்னைப் பார்த்தது, வேலை நேரத்தில் வந்து தொந்தரவு செய்யாதே என்பது போல. சத்தியம் செய்தவனை மனதார வைதேன். கூடு முடிந்ததும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. உள்ளே என்ன வரும்? என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இன்னொரு முயலை அது கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சில நாள் காத்திருந்துவிட்டுத் தானாகவே எழுந்து வந்துவிட்டது. நான் கூட்டைப் பெருக்கி அள்ளிக் கொட்டினேன்.

கொஞ்ச காலம் கழித்து மறுபடியும் கட்டியது. நெஞ்சில் தோல் தெரிந்தது. இங்கே கடலூர் கால்நடை ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது, மாடு, ஆடு, நாய் பார்ப்போம், முயல் அவ்வளவாகப் பழக்கமில்லை என்று உள்ளதைச் சொன்னார்கள். சிதம்பரத்தில் ஒரு பெண் டாக்டர் பார்க்கிறார் என்றும் அவர்களே சொன்னார்கள். சின்ன வயது டாக்டர். முயலை மடியில் வைத்துக்கொண்டே பேசினார்.

“இது பொய்ச்சினைங்க. வந்துகிட்டேதான் இருக்கும். அதுகூடப் பரவால்ல. ஃபீமேல் முயலுக்கு வயசாக ஆக, கர்ப்பப்பையில கட்டி வர்றது ஜாஸ்தி. இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா அந்தப் பயம் இல்ல. இன்னும் நெறைய வருஷம் இருக்கும்.”

“மயக்க மருந்து தாங்குமா டாக்டர்?”

“சின்ன உசுரு. ரிஸ்க்கே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். யோசிச்சிட்டுச் சொல்லுங்க.”

யோசிக்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். சிதம்பரத்திலேயே இருக்கிறார்கள். அண்ணன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் உச்சுக்கொட்டினார். அண்ணிக்குத்தான் மனசு கேட்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முயலை எடுத்து அணைத்துக்கொண்டார்.

“ஐயோ பாவம். ஒரு ஈத்தாவது போடட்டும், அப்பறமா எடு. வாயில்லா ஜீவன். ஒரு குட்டியக்கூட பாக்காம அத்தப் போயி அறுக்கணுமா?” கண் கலங்கியே விட்டது.

எனக்குச் சுருக்கென்றது. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் அதே ஊரில்தான் எனக்கும் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எனக்கும் கட்டிதான். ரத்தம் போய்ப் போய் வெளுத்திருந்தேன். எடுத்ததில் எனக்கு ஒரு குறையுமில்லை, எடுக்காமல் விட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஆனால் எடுக்கலாமா என்று டாக்டர் கேட்டபோது இதே அண்ணிதான் எனக்கு முன்னால் முந்திக்கொண்டு சொன்னார்: “கல்யாணமே ஆவல. அத்த வச்சிகிட்டு இவ இன்னா பண்ணப் போறா? எடுத்துடுங்க டாக்டர்.” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அது கணக்காகத்தான் பட்டது. முயலுக்குச் சொன்ன அந்த ‘ஐயோ பாவ’த்தில் ஒரு துளி அன்றைக்கு எனக்கும் வந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து வந்து, “கூட இருக்கற ஆளு யாரு?” என்று கேட்பார். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார், அண்ணி முதல் நாள் இருந்துவிட்டுப் போனார். அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. அப்புறம் அந்தக் கேள்விக்கு நான் கதவைப் பார்ப்பேன், நர்ஸும் கதவைப் பார்ப்பார். பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையாக இருந்த லால்பேட்டை அம்மாதான், “சாப்டியாம்மா?” என்று கேட்டுக்கொண்டு மகளுக்கு வந்த கஞ்சியில் எனக்கும் ஊற்றினார். மகளை வீட்டுக்கு அனுப்பியதும் அவரும் போய்விட்டார். மறுநாள் நான் சாப்பிடவில்லை. யாரும் கேட்காததால் அது ஒரு விஷயமாகவே ஆகவில்லை.

முயல் விஷயத்தில் எனக்கு முடிவெடுக்க வரவில்லை. அறுத்தால் மேஜையிலேயே போய்விடலாம். அறுக்காவிட்டால் கட்டி வந்து போகலாம். இரண்டிலும் பூட்டிய வீட்டுக்குத் திரும்பி வரப்போவது நான். நீண்ட ஆயுள் அதற்கா, எனக்கா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். எனக்குத்தான். ரிட்டயர் ஆன பிறகும் கதவைத் திறந்தால் உள்ளே தடதடவென்று ஓடிவர ஒரு உயிர் வேண்டும். அதற்கு நெடுங்காலம் இருக்க ஆசையா என்று யார் கேட்டார்கள்? இப்படி மாசக்கணக்காக இழுத்தடித்தேன். மூன்றாவது தடவை அது கூடு கட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தபோது பெருக்க எனக்குக் கை வரவில்லை. இப்படி ஒன்றுமில்லாததற்குக் காவல் காத்து, அதற்கும் மேல் கட்டியும் வர வேண்டுமா என்று ஆத்திரமாக வந்தது. அன்றைக்கே டாக்டருக்கு போன் செய்தேன்.

மூடி போட்ட கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, கறிக்கா?” என்றார். “ஆபரேஷனுக்கு” என்றதும் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு வேகமாக முன்பக்கம் போய்விட்டார். சிப்காட் கம்பெனிகளின் கெமிக்கல் நெடி தாண்டும்வரை வழக்கம்போல எல்லோரும் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் முந்தானையால் கூடையையும் மூடினேன்.

டாக்டர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “காலையில என்ன சாப்டுச்சி?” என்றார்.

“ஒண்ணும் குடுக்கல டாக்டர். நேத்து சாயங்காலத்துலேருந்து பட்டினிதான்.” பெருமையாகத்தான் சொன்னேன். எனக்கு அப்படித்தானே செய்தார்கள், பச்சைத் தண்ணீர்கூடத் தராமல்.

டாக்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். “மனுஷனுக்கு வயிறு காலியா இருக்கணும். முயலுக்குக் காயவே கூடாது. குடல் நின்னுபோயிடும். சொல்லாதது என் தப்பு. இப்ப மொதல்ல சாப்புடட்டும், அப்பறம்தான் ஆபரேஷன்.”

புல்லை நீட்டினேன். புது இடம், திரும்பிக்கொண்டது. “நீங்களும் பக்கத்துல உக்காந்து எதாவது சாப்புடுங்க. முயலு கூட்டமா மேயற ஜாதி. கூட ஒருத்தர் மென்னாதான் அதுக்குத் தைரியம் வரும்” என்று டாக்டர் தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட் எடுத்துக் கொடுத்தார். அதோடு நானும் பட்டினி கிடந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. நான் நாலைந்து பிஸ்கட் மென்ற பிறகு அது ஒரு புல்லை இழுத்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. துவண்டு கிடந்ததைத் துணியில் சுற்றிக் கொடுக்கும்போது டாக்டர், “காலைக்குள்ள சாப்புட்டுடணும். சாப்புடலன்னா உடனே தூக்கிட்டு வந்துடுங்க. அதுதான் இப்ப எல்லாமே” என்றார். சாயங்காலம் வீட்டில் அருகம்புல், கேரட் இலை எல்லாம் வைத்தேன். மூலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. அண்ணிக்கு போன் செய்து, ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னும் சாப்பிடவில்லை என்று சொன்னேன். தட்டில் உப்புமா போட்டுக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கே இறங்கவில்லை. ஆசைப்பட்டு நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் ஒரு கட்டுக் கொத்தமல்லியைக் கழுவி எடுத்துக்கொண்டு மறுபடியும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு காம்பை என் வாயிலேயே வைத்து, சத்தம் கேட்கட்டும் என்று நறுக் நறுக்கென்று மென்றேன். ஒன்று, இன்னொன்று. பாதிக் கட்டு என் வயிற்றுக்குள் போனது. யாராவது பார்த்திருந்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். பார்க்க யாருமில்லாதது அன்றைக்கு வசதியாகத்தான் இருந்தது. அதன் மூக்கு அசைந்தது. மெல்ல நகர்ந்து வந்து, என் வாயிலிருந்த காம்பின் மறுநுனியைக் கடித்து இழுத்தது. நான் விட்டுவிட்டேன். மென்றது. இன்னொன்றுக்கு வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன்.

அப்போது போன் அடித்தது. அண்ணி.

“மொசலு சாப்டுச்சா?”

“சாப்டுச்சி அண்ணி. இப்பதான்.”

“அப்பாடா! உங்க அண்ணன் நேத்துலேருந்து கேட்டுகிட்டே கெடக்குறாரு. நான் வேற வேண்டிகிட்டேன். ஒண்ணும் சாப்புடாம கெடந்தா அது உசுரு இன்னாத்துக்கு ஆவும்? சரி சரி, பாத்துக்க. வச்சிடறேன்.”

போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அடுத்த கேள்வியும் வரும் என்று ஒரு நினைப்பு. போன் எப்போதோ வைக்கப்பட்டிருந்தது.

“நானும் சாப்டேன் அண்ணி” என்றேன்.

முயல் மெல்வதை நிறுத்திவிட்டு, ஒரு காதை என் பக்கம் திருப்பியது.