ஜெயக்கொடி வேண்டாம் என்றார்கள்

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருந்த சின்ன நர்சிங் ஹோமில் லோகநாயகி பதினெட்டு வருஷமாக வேலை பார்த்தாள். கடைசி ஆறு வருஷம் தலைமை நர்ஸ். ஊசி போட்டால் வலி தெரியாது என்று பேர் வாங்கியவள். ஆனால் குணமாகிப் போனவர்கள் மறுபடி செக்கப்புக்கு வந்தால், "ஜெயக்கொடி இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். ஜெயக்கொடி உள்ளூர்ப் பெண். நர்ஸாகச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் பெயரைக் கேட்டாலே லோகநாயகிக்கு வயிறு எரியும்.

1992இல் லக்ஷ்மிநாராயணன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வலப்பக்கம் பக்கவாதம் வந்து சேர்ந்தார். ஐந்தாம் நாள் அவர் மகள் பாலாம்பாள் லோகநாயகியிடம் வந்தாள்.

"அப்பாவுக்கு அந்த ஜெயக்கொடி வேண்டாம் சிஸ்டர். தூக்கி உக்கார வெக்கறப்ப முரட்டுத்தனமா பண்றா."

பொய் என்று தெரிந்தது. ஆனாலும் லோகநாயகிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. விசாரிக்காமலே ஜெயக்கொடியைப் பிரசவ வார்டுக்கு மாற்றினாள்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் சிஸ்டர்?"

"அவங்களுக்குப் பிடிக்கல. விடு."

மறுநாள் காலை புது நர்ஸ் கஞ்சி ஊட்டியபோது பெரியவருக்குப் புரையேறி, முகம் நீலம் பாரித்துவிட்டது. லோகநாயகி ஓடிவந்து தொண்டையைச் சுத்தம் செய்து காப்பாற்றினாள். சத்தம் கேட்டு வந்த ஜெயக்கொடி வாசலிலேயே நின்றாள்.

"வாய்ல இடது பக்கமா குடுக்கணும் சிஸ்டர். வலது பக்கம் கஞ்சி அப்டியே நின்னுகினு கீது, எறங்க மாட்டேங்குது. நேத்தே சொல்ல வந்தேன். நீங்க காது குடுக்கல."

லோகநாயகி வராந்தாவில் அழுதுகொண்டிருந்த பாலாம்பாளிடம் போய் உட்கார்ந்தாள்.

"முரட்டுத்தனமா பண்ணான்னு சொன்னீங்களே, நிஜமாம்மா?"

பாலாம்பாள் இல்லையென்று தலையாட்டினாள். "லீவு போட்டுண்டு பக்கத்துலயே இருக்கேன் சிஸ்டர். என் கையால ஒரு வாய் வாங்கிக்க மாட்டேங்கறார். அவ வந்தா சிரிக்கறார்."

"எனக்கும் அவளைக் கண்டா ஆகாதும்மா. அதான் நீங்க சொன்ன உடனே மாத்திட்டேன்."

மத்தியானம் ஜெயக்கொடியைத் திரும்பக் கூப்பிட்டு, ஊட்டும் வேலையை மகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னாள்.

"அவசரப்படாதக்கா. முழுங்கிட்டாரான்னு பாத்துகினு அடுத்த ஸ்பூன் குடு" என்றாள் ஜெயக்கொடி. பெரியவர் மகள் கையால் அரை டம்ளர் குடித்தார்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் புறப்பட்டபோது அவர் இடது கையால் ஜெயக்கொடியின் கையைப் பிடித்து, குழறலாக ஏதோ சொல்லி அழுதார். மருந்துச் சீட்டோடு பக்கத்தில் நின்ற லோகநாயகியை யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கும் அவளுக்கு எரியத்தான் செய்தது. ஆனால் அதற்கப்புறம் எந்தக் குடும்பம் எந்த நர்ஸை வேண்டாம் என்றாலும், அந்த நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்காமல் அவள் டூட்டி மாற்றியதில்லை.