கொல்லைப் பக்கத்து மெக்கானிக்

திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் இராஜாங்கம் கை வைத்த ஏசி மறுபடி முனகாது என்று பெயர். அந்தப் பெயருக்கு ஒரே ஒரு விதிவிலக்கு, மங்களாம்பிகை அம்மாள் வீட்டு ஏசி. பங்குனியில் கேஸ் நிரப்புவார். ஆடிக்குள் அது வெறும் மின்விசிறியாகிவிடும். மறுபடி நிரப்புவார். அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

மங்களாம்பிகை அம்மாள் மிராசுதார் வீட்டு மருமகள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. நிலம் பாதி உச்சவரம்புச் சட்டத்திலும் மீதி பாகப்பிரிவினையிலும் போக, வீடு மட்டும் பழைய அளவிலேயே நின்றது. இராஜாங்கத்தின் தந்தை வைரக்கண்ணு அந்த வீட்டுப் பண்ணையாள். அறுவடைக் கூலிக்காகச் சிவப்புக் கொடி ஏறிய வருஷத்தில், பேச்சுவார்த்தைக்குக் கொல்லை வழியாக வரச் சொன்னார்கள். "ஆளுக்குன்னு தனி வழி வச்சிருக்கிற வூட்டுல எனக்குப் பேச்சில்ல" என்று அவர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். மிராசுதார்தான் தெருவுக்கு இறங்கிவர வேண்டியதாயிற்று. பிறகு முன்வாசலைத் திறந்துவைத்தும், வைரக்கண்ணு சாகும்வரை அந்த வீட்டில் கால் வைக்கவில்லை.

மகன் கால் வைத்தார். கொல்லையில். ஏசியின் வெளிப்பெட்டி அங்கேதான் இருந்தது. கேஸ் நிரப்பும் வால்வும் அதில்தான். தொழிலே அவருக்கு நல்ல சாக்காக அமைந்தது. கசிவு தெரிய வெளி இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். ஒரு குமிழிகூட வராது. வெளியே வராத குமிழி உள்ளேதான் வரும் என்பது தொழில் பழகிய முதல் வாரமே தெரிவது. ஆனால் உள்ளே என்றால் கூடத்தைத் தாண்டி அம்மாளின் படுக்கையறை. சிறு வயதில் தாயோடு மாட்டுக்கொட்டகைக்கு வந்துபோன கால்கள் அடுக்களை நிலைப்படியோடு நின்றுவிடும்.

"உள்ள போகாம ஏசிய எப்புடிப் பாக்குறீங்க, ஜோசியமா?" என்பாள் மனைவி அம்சவல்லி. "கட்சி மேடையில ஏறுனா ஒங்கப்பா கதையத்தான் முழங்குறீங்க. அந்த வூட்டுப் படி என்ன, கடிக்குமா?"

"வேல வெளியிலதான் இருக்கு."

"இருக்கும், இருக்கும்."

அந்தச் சித்திரையில் கேஸ் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மறுபடி நிரப்ப வந்தவரைத் தேடி அம்மாளே கொல்லைக்கு வந்தார்.

"தம்பி, கம்பெனி ஆளுக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு வர்றான். தப்பா எடுத்துக்காதீங்க."

"எங்கிட்ட ஏதும் கொறையாம்மா?"

"கொறையே இல்ல. லீக் உள்ளதான்னு எனக்கே தெரியுது. ஒங்கள உள்ள கூப்பிடத்தான் மனசு வரல்ல. ஒங்கப்பா வைராக்கியம் அப்படி. பகையாளின்னா வைரக்கண்ணு மாதிரி இருக்கணும்னு எங்க வீட்டுக்காரர் கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார். நீங்களும் அப்படியே இருக்கீங்க."

இராஜாங்கத்துக்குக் காது சுட்டது. தலையை ஆட்டினால் போதும். ஒரு வீட்டு வேலை போகும். பரம்பரைப் பெருமை கிடைக்கும். பயத்தின் மேல் போர்த்திக்கொள்ள அப்பாவின் பெயர் அளவாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா வராதது ரோஷம்" என்றார், வால்வைப் பார்த்தபடி. "நான் வராதது பயம்மா."

"பயமா? என்னையப் பாத்தா?"

"ஒங்களப் பாத்து இல்லீங்க. நெலப்படியப் பாத்து."

அம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது. மரியாதையான பகையாளி ஒருவர் இருப்பது அந்த வீட்டில் மிஞ்சியிருந்த சொத்து. அதுவும் கைவிட்டுப் போயிற்று. இதுநாள்வரை ஒருவரைக் கொல்லையில் நிறுத்திவைத்துவிட்டு அதற்கு மதிப்பு என்று பெயர் வைத்திருந்ததும் அப்போதுதான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"அந்த ஆள வரவேணாம்னு சொல்லிடறேன். வாங்க" என்றார். எந்த வழியாக என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அடுக்களை வழியாகவே போனார்கள். அதுதான் கிட்டம்.

உள்பெட்டியை அடிப்புறம் தூக்கி, குழாயில் சுற்றியிருந்த நாடாவைப் பிரித்தார். இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு. நுரை தடவியதும் குமிழி கிளம்பியது. மிச்ச கேஸை வெளிப்பெட்டிக்குள் அடைத்துவிட்டு வந்து நட்டைக் கழற்றினார். குழாயின் வாய் விண்டிருந்தது. அந்தத் துண்டை வெட்டியெறிந்து, புதிதாக வாய் விரித்து நட்டை முறுக்கினார். சின்ன வேலை. முதல் கோடையிலேயே முடிந்திருக்க வேண்டியது.

அம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டார். இவர் உட்காரவில்லை; அதனால் அவரும் உட்காரவில்லை. இனிக் குழாய்க்குள் புகுந்த காற்றை உறிஞ்சப் பம்பு ஓட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். பம்பைக் கொல்லையில்தான் மாட்ட வேண்டும். இருவருக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது.